குரலும் ஒரு முதல்

சுயதொழில் என்றதும் எமது மனங்களில் உடனே தோன்றுவது தையல் இயந்திரம், கோழிக்கூடு, பன்பாய், அரிசிமா, மிளகாய்த்தூள் போன்றவைதான். பெண்களுக்கு உதவ வருகின்ற நிறுவனங்களும் பெரும்பாலும் இவற்றையே பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. ஆனால் படித்த பெண்ணொருத்தி தனது படிப்பையே தொழிலாக்கிக்கொள்ள முற்படும்போது அவளுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடைப்பதில்லை. கணக்கு எழுதுதல், மொழிபெயர்ப்பு, படிவம் நிரப்புதல், உளவளத்துணை போன்ற தொழில்களுக்குப் பொருள் எதுவும் இல்லை. தைத்த சட்டையை வாசலில் தொங்கவிட்டால் போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். எழுதிய கணக்கை எப்படித் தொங்கவிடுவது? அப்படியானால் இவ்வாறான சேவைகளைச் செய்கின்ற பெண்ணைத் தேடி வாடிக்கையாளர்கள் எவ்வாறு வருவார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு பெண் தன் குரலைக்கொண்டு பதில் தேடிய கதையைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கதை அவளுடையது. அதில் நான் அருகிலிருந்து பார்த்தவள், சில இடங்களில் கைகொடுத்தவள், அவ்வளவுதான். அவளது அனுமதியுடனேயே எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் மட்டும் விட்டுவிடுகிறேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் பெண்களுக்கான வாழ்வாதார வேலைத்திட்டங்களில் நான் பத்து வருடங்களுக்கு மேலாகப் பணியாற்றி வருகிறேன். மாதர் சங்கக் கூட்டமொன்றில்தான் அவளைச் சந்தித்தேன். அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. இரண்டு பிள்ளைகள். கணவர் வேறொரு வாழ்க்கையைத் தேடிப் போய்விட்டார். நகரிலுள்ள ஒரு வியாபார நிலையத்தில் ஒன்பது வருடங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்தவள். கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் பரீட்சைகளையும் வேலை செய்துகொண்டே எழுதி முடித்தவள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அந்த வியாபாரம் சுருங்க, முதலில் நிறுத்தப்பட்டவர்களுள் அவளும் ஒருத்தி. வீட்டு விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டு, கையிலிருந்த சங்கிலியை அடகுவைத்துப் பழைய கணினியொன்றை வாங்கி, சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கத் தொடங்கினாள். வியாபாரப் பெயரைப் பதிவதற்கான படிவம், வங்கிக் கடன் விண்ணப்பம், வேலையாட்களின் சேமலாப நிதிப் படிவங்கள் என்பவற்றையும் செய்துகொடுத்தாள்.

ஊர் வழக்கப்படி முதலில் ஐந்நூறு துண்டுப்பிரசுரங்கள் அடித்தாள். கடைகளில் கொடுத்தாள், பஸ் தரிப்பிடத்தில் ஒட்டினாள். அதில் தொலைபேசி இலக்கமும் இருந்தது. அதன்பின் வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை இரவு பத்து மணிக்குப் பின்னர் வந்தவை. "கணக்கு மட்டும்தானா எழுதுவீங்க?" என்று கேட்டுச் சிரிக்கும் குரல்கள். தனியே வாழ்கின்ற ஒரு பெண்ணின் இலக்கம் சுவரில் ஒட்டப்பட்டால் என்ன நடக்கும் என்பதை இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவளது அண்ணன் வந்து, "இந்த நம்பரை மாத்து, பலகையையும் கழட்டு" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். மூன்று மாதங்களில் அவளுக்குக் கிடைத்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். மாதர் சங்கத்தில் எடுத்த கடனுக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டியிருந்தது.

இது விளம்பரம் போதாமையினால் வந்த பிரச்சினை அல்ல. ஒரு கடைக்காரருக்குத் தனது கணக்கைப் பிறருக்குக் காட்டுவதென்பது நோயை வைத்தியரிடம் காட்டுவது போன்றது. எவ்வளவு கடன், யாருக்குக் கடன், எதில் நட்டம், வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அறிமுகமில்லாத ஒருவரிடம் அதைக் கொடுப்பதற்கு மனம் வராது. "கணக்குகள் திறமையாகச் செய்து தரப்படும்" என்று அச்சடித்த கடதாசி, அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்வதில்லை. பொறுமையானவரா, தெரியாததைக் கேட்டால் சிரிப்பாரா, வாயை வைத்துக்கொண்டு இருப்பாரா என்பதைத்தான் மக்கள் அறிய விரும்புகிறார்கள்.

அவளது இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் இடியப்பம், பிட்டு செய்து விற்கின்ற ஒரு மாமி. நீண்ட எழுத்துச் செய்திகளை வாசிப்பது மாமிக்குக் கஷ்டம். ஆகவே கேள்விகளையெல்லாம் வட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவே அனுப்புவார். இவளும் குரலிலேயே பதில் சொல்லுவாள். ஒருநாள் இவள் என்னிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அக்கா, பக்கத்துக் கடைக்காரப் பொம்பிள ஒராள் வந்தவ. மாமிட போன்ல நான் சொன்னதைக் கேட்டவவாம். 'இந்தப் புள்ள ஆறுதலாச் சொல்லுது, இதுக்கிட்டயே போவம்' எண்டு வந்தவ கா." ஐந்நூறு துண்டுப்பிரசுரங்கள் செய்யாததை ஒரு நிமிடக் குரல் செய்திருந்தது. அதுவும் விளம்பரம் செய்யும் எண்ணமே இல்லாமல் பேசியது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. நாம் காதால் வளர்ந்த சமூகம். 1925ஆம் ஆண்டிலேயே கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பித்துவிட்டது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வந்தபின், சவர்க்காரத்திலிருந்து தங்கநகை வரை எல்லாமே குரல் வழியாகவே எமது வீடுகளுக்குள் நுழைந்தன. ராஜேஸ்வரி சண்முகம் போன்ற ஒலிபரப்பாளரை நேரில் காணாதவர்கள்கூட, அவரை வீட்டிலுள்ள ஒருவராகவே எண்ணினார்கள். மின்சாரமில்லாத யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் சக்தி குறைந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டுக் கேட்டோம். எனது சின்னம்மா குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தபோது கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி அனுப்புவார். அது வந்தால் அயல்வீட்டாரும் கூடிவிடுவார்கள். "பிள்ளைகள் சாப்பிட்டாச்சா" என்று சின்னம்மா நாடாவிலிருந்து கேட்க, அம்மம்மா "ஓம் மகள், ஓம்" என்று அதற்கு வாய்விட்டுப் பதில் சொல்லுவார். எழுத்துக்கு அப்படி யாரும் பதில் சொன்னதை நான் கண்டதில்லை.

இன்றைக்கும் பாண் கொண்டுவரும் முச்சக்கரவண்டி பேத்தோவனின் இசைத்துண்டைப் போட்டுக்கொண்டுதான் ஒழுங்கைக்குள் வருகிறது. அது யாருடைய இசை என்று தெரியாவிட்டாலும் பிள்ளைகள் சில்லறையோடு படலைக்கு ஓடுகிறார்கள். மீன்காரர் கூவுகிறார். அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பவர் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார். வீதியில் ஒலிக்கும் இந்தச் சத்தங்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையொன்றைப் பற்றிக் கற்றோம். புதிய வேலை, புதிய தகவல் போன்றவை ஒருவருக்கு நெருங்கிய உறவுகளைவிட, அவ்வப்போது மட்டும் சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகவே அதிகம் கிடைக்கின்றன என்பது அதன் சாரம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் எமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தூரத்து அறிமுகங்கள்தான் வேறு வட்டத்துக்கு எம்மைக் கொண்டுசெல்கின்றன. மாமியின் கைத்தொலைபேசியிலிருந்து பக்கத்துக் கடைக்குப் போன குரல் அதைத்தான் செய்தது. அப்படியானால் அந்தக் குரலைத் தற்செயலாக விடாமல், யோசித்து ஒழுங்குபடுத்தி அனுப்பினால் என்ன என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

பேசுவது இலகுவாக இருந்தது. பதிவுசெய்யத் தொடங்கியபோதுதான் கஷ்டம் தெரிந்தது. முதற்பதிவைப் போட்டுக் கேட்டதும் அவள் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "இது என்ட குரலே இல்ல அக்கா. கேட்கவே பிடிக்கல." இது எல்லோருக்கும் வருகின்ற உணர்வு. நாம் பேசும்போது எமது குரல் காற்று வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்குள் வருகிறது. அதனால் அது எமக்குச் சற்றுக் கனமாகக் கேட்கும். பதிவில் எலும்பு வழியே வரும் பங்கு இல்லை. ஆகவே மெல்லியதாகவும் அந்நியமாகவும் கேட்கும். மற்றவர்கள் எப்போதும் கேட்டுவருவது அந்தக் குரலைத்தான். இதைச் சொன்னதும் அவள் கொஞ்சம் ஆறுதலடைந்தாள்.

அடுத்து, எழுதி வைத்து வாசித்தாள். அது பிரதேச செயலகத்து அறிவித்தல் போல இருந்தது. "வாடிக்கையாளர்களின் நலன் கருதி" என்று தொடங்கினால் யார் கேட்பார்கள்? கடதாசியை எடுத்து வைத்துவிட்டு, "இடியப்ப மாமி முன்னுக்கு இருக்கிறா எண்டு நினைச்சுச் சொல்லுங்க" என்றேன். சொல்ல வேண்டிய மூன்று விடயங்களை மட்டும் ஒரு துண்டில் குறித்துக்கொண்டாள். நான்காம் தரம் பேசியது இப்படி வந்தது:

"மாமி, கடைக் காசையும் வீட்டுக் காசையும் ஒரே பெட்டிக்குள்ள போடாதீங்க. ரெண்டு டப்பா வைங்க. கடை டப்பாவில இருந்து புள்ளைக்குக் கொப்பி வாங்க எடுத்தா, எடுத்ததை ஒரு கொப்பியில எழுதுங்க. கடையில சுட்ட அப்பத்தை வீட்டுல சாப்பிட்டாலும் எழுதுங்க. அதுவும் காசுதான். ஒரு மாசம் இப்படி எழுதினா, மறுகா கடையில நட்டமா, வீட்டுல செலவு கூடவா எண்டு உங்களுக்கே விளங்கும்."

கடைசியில் தனது பெயர், தான் செய்யும் வேலை, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அழைக்கலாம் என்பது, அவ்வளவுதான். மொத்தம் இரண்டு நிமிடங்களுக்குள். தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு சொல்லும் இல்லை. "என்னிடம் வாருங்கள்" என்ற கெஞ்சலும் இல்லை. கேட்டவருக்கு அன்றைக்கே உதவக்கூடிய ஒரு விடயம் அதில் இருந்தது. இதுவே எங்களுக்கு விதியாகிவிட்டது. ஒரு பதிவில் ஒரு விடயம்தான். அது பணம் கொடுக்காதவருக்கும் பயன்பட வேண்டும்.

இந்த வேலைக்குப் பெரிய கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. அவளிடமிருந்த கைத்தொலைபேசியே போதுமானதாக இருந்தது. வெறும் சுவருள்ள அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவதுபோல எதிரொலிக்கும். துணி, மெத்தை, தலையணை இருக்கும் அறை நல்லது. அவள் அலுமாரிக் கதவைத் திறந்துவைத்து, தொங்குகின்ற சேலைகளுக்கு முன்னால் இருந்து பேசினாள். மின்விசிறியை நிறுத்த வேண்டும். இடையில் அழைப்பு வராதபடி தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைக்க வேண்டும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் மூச்சுச் சத்தம் விழாது. விடியப்புறம் பிள்ளைகள் எழும்புமுன் பதிவுசெய்வது அவளுக்கு வசதியாக இருந்தது. ஆனால் சேவல் கூவும். ஒரு பதிவில் சேவலும் இருக்கிறது. அதை அப்படியே விட்டாள். "உங்கட ஊட்டுச் சேவலும் கணக்குச் சொல்லுது" என்று பலர் பகிடி பண்ணினார்கள். சினிமாப் பாட்டுத் துண்டு எதையும் பின்னணியில் சேர்க்கவில்லை. அது பிறருக்கு உரிமையானது என்பது ஒரு காரணம். குரலை அது மறைத்துவிடும் என்பது மற்றக் காரணம்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் யோசனை தேவைப்பட்டது. கண்ட குழுக்களிலெல்லாம் போடுவதில்லை என்று முடிவெடுத்தாள். தெரிந்தவர்களிடம் நேரில், "மாசத்துக்கு ரெண்டு தரம் கணக்கு விசயம் ஒண்டு சொல்லி அனுப்பட்டா?" என்று கேட்டு, ஓம் என்றவர்களை மட்டும் பட்டியலில் சேர்த்தாள். வட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். எமது இலக்கத்தைத் தமது தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். குழுவைப் போல ஒருவருடைய இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. பெண்களுக்கு இது முக்கியமான பாதுகாப்பு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இவ்வாறான செய்திகளைச் சம்மதம் பெற்று அனுப்புவது பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், கேட்டுவிட்டு அனுப்புவது மரியாதை. இந்த வேலைக்கென்று வேறு சிம் ஒன்றை எடுத்து, மாலை ஆறு மணிக்குப் பின் அதை நிறுத்திவைத்தாள். பதிவுகளைப் போட்டது இரவு எட்டு மணியளவில். அடுப்படி வேலை ஓய்ந்து, கடைகளும் பூட்டும் நேரம். வாசிக்க அலுப்பாக இருக்கும் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம்.

மாமி தானும் பேசித் தருவதாகச் சொன்னார். வாடிக்கையாளரின் வாயால் வரும் நல்ல வார்த்தைக்கு மதிப்பு அதிகம்தான். ஆனால் மாமி உற்சாகத்தில் பேசியபோது, சீட்டில் விட்ட காசு, மருமகனுக்குக் கொடுத்த கடன் எல்லாம் சேர்ந்தே வந்துவிட்டன. இவள் அதை அனுப்பவில்லை. மாமிக்கே முதலில் போட்டுக் காட்டினாள். "ஐயோ, மருமகன்ட கதைய எடுத்துப்போடு புள்ள" என்றார் மாமி. வெட்டியபின் மீண்டும் கேட்க வைத்து, சம்மதம் பெற்று, அதன்பிறகே அனுப்பினாள். பதிவு ஒன்று கையை விட்டுப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. அது எந்த வீட்டில், யாருடைய காதில் விழும் என்று எமக்குத் தெரியாது.

ஊர்ப்பேச்சு வராமலும் இல்லை. "பொம்பிளப் புள்ளட குரல் ஊரெல்லாம் சுத்துது" என்று சொந்தக்காரர் ஒருவர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் மறுபடியும் வந்தார். அவள் வாதாடவில்லை. "இதுல என்ன பிழை இருக்கெண்டு கேட்டுப் பாருங்க" என்று ஐந்து பதிவுகளையும் அவரிடம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். எதுவும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்ததாம். ஆனால் பலகையைக் கழற்றச் சொல்லி அதன்பின் வரவில்லை. எங்கள் வீடுகளில் சில மாற்றங்கள் இவ்வளவு தூரம்தான் வரும். அதற்கு மேல் காத்திருந்தால் தொழில் நடக்காது.

உண்மையான சோதனை ஆறாவது பதிவில்தான் வந்தது. அது ஊழியர் சேமலாப நிதி பற்றியது. தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண், "நாலு பிள்ளைகள்தானே வேலை செய்யிறாங்க, எனக்கும் இது பொருந்துமா?" என்று கேட்டதால் அதைப் பேசினாள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் பொருந்தும் என்றாள். ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, முதலாளியின் கையிலிருந்து நூற்றுக்கு 12, இதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும் என்பதை உதாரணத்தோடு சொன்னாள். சம்பளம் 30,000 ரூபா என்றால் ஊழியரிடமிருந்து 2,400, முதலாளியிடமிருந்து 3,600. ஆக மாதம் 6,000 ரூபா அந்த ஊழியரின் பெயரில் சேரும். நம்பிக்கை நிதிக்கு 900 ரூபாவை முதலாளி வேறாகக் கட்ட வேண்டும். "அந்த 12ஐயும் சம்பளத்துல வெட்டக் கூடாது, அது முதலாளிட பங்கு" என்று அழுத்திச் சொன்னாள். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தை எடுக்கலாம், திருமணத்தின் காரணமாக வேலையை விடுகின்ற பெண்ணும் எடுக்கலாம் என்பதையும் சேர்த்தாள்.

அது முதலாளிமாருக்காகப் பேசிய பதிவு. ஆனால் தையற்கடைப் பெண்ணிடமிருந்து அவளது ஊழியருக்கும், அந்தப் பிள்ளையிடமிருந்து அவளுடைய அக்காவுக்கும் போயிருக்கிறது. அக்கா வேலை செய்வது ஓர் அரிசி ஆலையில். அங்கே நெல் காயவைத்துப் புடைக்கும் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுற்றியிருந்து கேட்டிருக்கிறார்கள். அடுத்த சம்பள நாளில் மூன்று பேர் போய், தங்கள் பெயரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு எதுவுமே கட்டப்பட்டிருக்கவில்லை.

அந்த ஆலை இவளுடைய புதிய வாடிக்கையாளர். அப்போதைய அவளது வருமானத்தில் பாதிக்குக் கிட்ட அங்கிருந்துதான் வந்தது. உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, என்ட கணக்கையும் எழுதிக்கொண்டு என்ட ஆக்களையும் ஏத்திவிடுறீங்களா? அந்தப் பதிவு பிழையெண்டு இன்னொண்டு போடுங்க. இல்லாட்டிக் கணக்குக் கொப்பிகளைத் திருப்பித் தாங்க."

அன்று மாலை அவள் எனது அலுவலகத்துக்கு வந்தாள். சங்கத் தவணைக்கு இன்னும் நான்கு நாட்கள். மகனுக்கு வகுப்புக் காசு கட்ட வேண்டும். ஆலையின் கணக்கில் கண்ட எதையும் அவள் வெளியே சொல்லியிருக்கவில்லை. பதிவில் அந்த ஆலையின் பெயரோ சாடையோ இல்லை. சட்டத்தில் உள்ளதை மட்டுமே சொல்லியிருந்தாள். இதை நாங்கள் இருவரும் மீண்டும் மீண்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம். இப்படிச் செய் என்று நான் எதுவும் சொல்லவில்லை. தவணை கட்டுவது அவள், நானல்ல. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "சரியான கணக்கைப் பிழையெண்டு சொன்னா, மறுகா என்னத்தை நம்பி ஆக்கள் எனக்கிட்ட வருவாங்க அக்கா?"

மறுநாள் கணக்குக் கொப்பிகளைக் கட்டிக்கொண்டு நேரில் போனாள். பதிவைத் திருத்த முடியாது என்றாள். அதேநேரம் தொழிலாளர்களைப் பதிவதற்கு என்ன படிவம், விடுபட்ட மாதங்கள் பற்றித் தொழில் அலுவலகத்தில் யாரிடம் எவ்வாறு பேசுவது, மாதாமாதம் எவ்வளவு செலவாகும் என்பவற்றை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தாள். அதற்குக் காசு கேட்கவில்லை. உரிமையாளர் கடதாசியையும் எடுத்துக்கொண்டார், கொப்பிகளையும் எடுத்துக்கொண்டார். திரும்ப அழைக்கவில்லை. அந்த மாதத் தவணையைத் தாயாரின் தோட்டை அடகுவைத்துக் கட்டினாள். கேட்ட மூன்று பெண்களில் ஒருத்தி வேலையை விட்டுவிட்டாள். மற்ற இருவரும் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்கள். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

இதைச் சோகக் கதையாகவோ வெற்றிக் கதையாகவோ நான் எழுதவில்லை. அடுத்த சில மாதங்களில் அவளிடம் வந்தவர்களில் இருவர், "அந்தச் சேமலாப நிதிக் கதையைச் சொன்ன புள்ள நீங்கதானே" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். இருவரும் முதலாளிமார். தங்களுடைய கணக்கை ஒழுங்காக வைத்திருக்க விரும்பியவர்கள். இன்று அவளுக்குப் பதினொரு நிரந்தர வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். சங்கிலி இன்னும் அடகில்தான். தோடு திரும்பிவிட்டது. எல்லாமே குரலால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. வேலையைச் சொன்ன திகதிக்கு முடித்துக்கொடுப்பதால் நிலைத்தவர்களே அதிகம். குரல் வாசல்வரைதான் கூட்டிவரும். உள்ளே இருத்தி வைப்பது வேலைதான்.

குரலுக்கு எல்லைகளும் உண்டு. பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வட்ஸ்அப் பதிவு போய்ச்சேராது. அவர்களுக்காக மாதர் சங்கக் கூட்டத்தில் சிறிய ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினோம். காது கேளாதோருக்காக அதே விடயத்தை நான்கைந்து வரிகளில் எழுதியும் அனுப்ப வேண்டும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. இன்று ஒருவருடைய குரலைக் கணினி மூலம் போலியாகச் செய்யமுடிகிறது. ஆகவே பணம் அனுப்பும்படி தான் ஒருபோதும் குரல் செய்தியில் கேட்கமாட்டேன் என்று அவள் பட்டியலிலுள்ள எல்லோருக்கும் அறிவித்து வைத்திருக்கிறாள்.

எல்லாத் தொழிலுக்கும் இது ஒரே மாதிரிப் பொருந்தாது. சட்டத்தரணிகள், வைத்தியர்கள் தம்மை விளம்பரப்படுத்துவதற்குத் தொழில் ஒழுக்க விதிகள் இடம்கொடுப்பதில்லை. உளவளத்துணையில் இருப்பவர்கள், தம்மிடம் வந்தவரின் கதையைப் பெயர் மாற்றியும் பதிவில் சொல்லக்கூடாது. எங்கள் ஊர்களில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் நித்திரை வராதபோது என்ன செய்யலாம், பதற்றம் வந்தால் மூச்சை எப்படி ஒழுங்காக்கலாம் என்பது போன்ற பொதுவான விடயங்களைப் பேசலாம். மொழிபெயர்ப்புச் செய்பவர், பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்து எப்படி மாறிப்போகிறது, அதைத் திருத்தாவிட்டால் கடவுச்சீட்டு எடுக்கும்போது என்ன சிக்கல் வரும் என்று சொல்லலாம். தாதியாக இருந்து ஓய்வுபெற்று வீடுகளுக்குச் சென்று நோயாளரைப் பராமரிப்பவர், படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று சொல்லலாம். உங்களுக்குத் தெரிந்து, பிறருக்குத் தெரியாத சிறிய பயனுள்ள விடயம் ஒன்று எப்போதும் இருக்கும்.

பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கின்ற நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். தையலுக்கு மூன்று மாதம் ஒதுக்குகிறோம், கேக் செய்வதற்கு ஒரு கிழமை ஒதுக்குகிறோம். தனது தொழிலைப் பற்றித் தனது வாயால் இரண்டு நிமிடம் பேசுவதற்கு ஒருநாள் பயிற்சி கொடுக்கலாம். அத்தோடு, சம்மதம் கேட்பது எப்படி, இலக்கத்தைப் பாதுகாப்பது எப்படி, தொல்லை தரும் அழைப்பைப் பதிவுசெய்து பொலிஸில் முறையிடுவது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்காமல் "துணிந்து பேசுங்கள்" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

சகோதரிகளே, வட்டிக்கு வாங்காத, அடகுக்கும் போகாத ஒரு முதல் எம்மிடம் இருக்கிறது. "மெதுவாகப் பேசு, வெளியில் கேட்கப் போகுது" என்று சின்ன வயதிலிருந்தே எமக்குச் சொல்லித்தந்ததால் அதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. நாளை விடியப்புறம் வீட்டார் எழும்புமுன், உங்கள் வேலையைப் பற்றி ஒரேயொரு உபயோகமான விடயத்தைத் தெரிந்த ஒருவருக்குச் சொல்வதுபோலப் பேசிப் பதிவுசெய்து பாருங்கள். முதலில் பிடிக்காமல்தான் இருக்கும். நான்காம் தரம் சரிவரும்.